பூட்டும் பலகையும்

திண்டுக்கல் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பூட்டு. மலைக்கோட்டை, சுருட்டு, பிரியாணி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையாக வந்து நிற்கும். மதுரைக்கு மல்லிகை, திருநெல்வேலிக்கு அல்வா என்றால் மூக்கும் நாக்கும் சந்தோஷப்படுகின்றன. பூட்டு என்றாலோ மனிதனுடைய சந்தேக புத்திதான் முன்னால் வந்து நிற்கிறது. பிறத்தியாரை நம்பாத ஒரு பொருளினால் ஓர் ஊர் கீர்த்தி பெறுவது விசித்திரந்தான்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு விதமாகவும் தோன்றும். பூட்டு என்பது வாங்குகிறவனுக்கு மூடிய பொருள். திருடனுக்கு இன்னும் அதிகமாக மூடிய பொருள். அதைச் செய்கிற தொழிலாளிக்கு மட்டும் அது திறந்த பொருள். உள்ளே எத்தனை நெம்புத் தகடுகள், எந்தத் தகடு எவ்வளவு உயர்ந்தால் தாழ்ப்பாள் நகரும், சாவியின் எந்தப் பல் எதைத் தொடும் என்பதெல்லாம் அவர் கைவிரலுக்குத் தெரியும். திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு என்று ஒன்று உண்டு. உருவத்தினால் வந்த பெயர். மணிப் பூட்டு என்று இன்னொன்று. சாவியைப் போட்டுத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். வீட்டுக்காரர் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக மின்சாரம் இல்லாத காலத்திலேயே ஒரு மனிதர் அரமும் சுத்தியலும் கொண்டு செய்த எச்சரிக்கைக் கருவி அது.

இந்தக் கட்டுரை பூட்டைப் பற்றியது அல்ல. சீட்டுக்கட்டிலுள்ள ஒரு சீட்டின் அளவே உள்ள ஒரு பச்சைப் பலகையைப் பற்றியது. அந்தப் பலகையே ஒரு முழுக் கம்ப்யூட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும், மாலை வேளைகளில் பொழுதைப் போக்க வேண்டிய வாலிபர்களும் அதில் கம்பிகளைச் செருகி விளக்கை எரிய வைக்கிறார்கள். கதவைத் திறந்தால் மணி அடிக்க வைக்கிறார்கள். மணிப் பூட்டு செய்த ஊருக்கு இது ஒன்றும் புதிய ஆசை அல்ல என்று காட்டவே பூட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

கதை எழுதுகிறவனுக்கு யந்திரங்களிடம் என்ன வேலை என்று கேட்கலாம். யந்திரங்களைவிட அவற்றைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்தாம் எனக்கு முக்கியம். அந்த மனிதர்களுடைய சரித்திரம் நாம் நினைப்பதைவிட நீளமானது; நாம் நினைப்பதைவிடச் சோகமானதுங்கூட.

*

ஹைதர் அலியை நாம் மைசூர்க்காரர் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால் அவர் பெரிய மனிதராக வளர்ந்த இடம் திண்டுக்கல். 1755-ல் மைசூர் அரசு அவரைத் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பியது. அங்கே அவர் செய்த காரியங்களில் ஒன்று, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுச்சேரி ஆகிய இடங்களிலிருந்து தேர்ந்த கைகாரர்களை, பிரெஞ்சுக்காரர்களின் உதவியுடன் வரவழைத்து, பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் மருந்துச் சாலையும் ஏற்படுத்தியது. பாளையக்காரர்களை அடக்குவதற்காகச் செய்த ஏற்பாடுதான். அறிவை வளர்க்கும் ஏற்பாடு அல்ல. இருந்தாலும், தெரியாத வித்தையைத் தெரிந்தவனை அழைத்து வந்து, பக்கத்தில் நின்று, செய்து பார்த்துக் கற்றுக்கொள்வது என்கிற வழக்கம் அந்தச் சமவெளிக்குப் புதிதல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி. 1790-ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்னும் நிற்கிறது. பட்டறை நிற்கவில்லை.

இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் நம் நாட்டில் கைவேலைக்காரர்களின் சரித்திரம் பெரும்பாலும் இப்படியேதான் போகிறது. கட்டடம் நிற்கும், பட்டறை போய்விடும்.

*

வீட்டில் உட்கார்ந்து மின்சாரக் கருவிகளோடு விளையாடுகிற பொழுதுபோக்கு நம் தேசத்தில் ரேடியோவுடன் பிறந்தது. அந்தக் காலத்து முதல் ரேடியோப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டியதில்லை. காலீனா என்னும் ஈயக் கனிமத்தில் ஒரு சிறு துண்டு. அதன்மேல் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பி. கொஞ்சம் செப்புக் கம்பிச் சுருள். காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. அவ்வளவுதான். அந்த மெல்லிய கம்பிக்குப் 'பூனை மீசை' என்று ஆங்கிலத்தில் செல்லப் பெயர் வைத்திருந்தார்கள். மீசையைக் கல்லின்மேல் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டே இருந்தால் ஏதோ ஓர் இடத்தில் திடீரென்று பாட்டுக் கேட்கும். கை நடுங்கினால் பாட்டு நின்றுவிடும். இந்தக் காலீனாக் கருவிக்கு 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் நம்முடைய ஜகதீச சந்திர போஸ் என்பதை இங்கே பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம்.

சென்னையில் 1924 மே 16-ந் தேதி சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் 'சென்னை மாகாண ரேடியோ கிளப்' என்ற சங்கத்தை ஆரம்பித்தார். அதே ஆண்டு ஜூலை 31-ந் தேதி அந்தச் சங்கம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. கருவியின் சக்தி 40 வாட். வீட்டுத் திண்ணையில் எரியும் பழைய பல்பு ஒன்றின் சக்தி! பின்னால் 200 வாட் கருவி வந்தது. சர்க்கார் ரேடியோ நிலையம் என்று ஒன்று அப்போது தேசத்தில் கிடையாது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் தனியார் கம்பெனி நிலையங்கள் திறந்ததே 1927-ல்தான். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, ஆசையைத் தவிர வேறு மூலதனம் அதிகம் இல்லாத சில மனிதர்கள் சென்னை வானத்தில் சங்கீதத்தை அனுப்பிவிட்டார்கள்.

சங்கம் எவ்வளவு நாள் நடந்தது? மூன்று ஆண்டு. 1927 அக்டோபரில் பணமில்லாமல் மூடிவிட்டார்கள். கருவியைச் சென்னை நகரசபைக்குக் கொடுத்தார்கள். அது வீண் போகவில்லை. 1930 ஏப்ரல் முதல் தேதி நகரசபையே ஒலிபரப்பை ஆரம்பித்தது. தினமும் மாலையில் சங்கீதம். பள்ளிக்கூட நாட்களில் நகரசபைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமபோன் இசைத்தட்டு. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலி சென்னையில் நிலையம் திறக்கும் வரையில் இந்தத் தொண்டு நடந்தது. அடுத்த ஆண்டு திருச்சி நிலையம் வந்தது. திண்டுக்கல் சமவெளிக் கிராமங்களுக்குக் காவேரிக் கரையிலிருந்து குரல் வந்தது இப்படித்தான்.

பிற்காலத்தில் திருச்சி வானொலி செய்த காரியம் ஒன்று விவசாயிகளுக்கு மறக்காது. 1966-ஐ ஒட்டித் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தை வானொலி விடாமல் எடுத்துச் சொல்லிற்று. ஜனங்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பூனை மீசையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்த பைத்தியங்கள் என்று பக்கத்து வீட்டார் சிரித்திருப்பார்கள் அல்லவா? நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பைத்தியத்தின் பலன் வயலில் நெல்லாக விளைந்தது. பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். பொழுது போவது என்னவோ உண்மைதான். ஆனால் அது எங்கே போய்ச் சேருகிறது என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

இந்தப் பொழுதுபோக்குக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று பணமின்மை, அதைச் சொல்லியாயிற்று. இரண்டாவது சட்டம். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் சேர்ந்து, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோக் கருவி வைத்திருப்பதே குற்றம் என்று ஆக்கின. 1939-ல் யுத்தம் வந்ததும் அமெச்சூர் ஒலிபரப்பாளர்களின் உரிமங்களை ரத்துச் செய்து, கருவிகளையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். யுத்த காலத்தில் அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால், வீட்டிலே ஒரு ரேடியோப் பெட்டி வைத்துப் பாட்டுக் கேட்பதற்குத் தபாலாபீஸில் வரிசையில் நின்று லைசென்ஸ் புதுப்பிக்கும் வழக்கம் சுதந்திரம் வந்து முப்பது ஆண்டுக்கு மேலும் நீடித்தது, 1980-களில்தான் ஒழிந்தது. கேட்பதற்கே இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால், கழற்றிப் பார்ப்பதற்கு எந்தப் பையனுக்குத் துணிச்சல் வரும்?

*

துணிச்சல் இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜி. டி. நாயுடு கோயம்புத்தூர்க்காரர் என்று அந்த ஜில்லாவார் உரிமை கொண்டாடுவார்கள். ஆனால் 1920-ல் அவர் முதன்முதலாக வாங்கிய பஸ்ஸைத் தாமே ஓட்டிக்கொண்டு போனது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில். பழனி இன்று திண்டுக்கல் ஜில்லாவில் இருக்கிறது. ஆகவே அவரில் ஒரு பங்கு நமக்கும் உண்டு.

பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு அதிகம் கிடையாது. எதைக் கண்டாலும் கழற்றிப் பார்த்துக் கற்றவர். 1941-ல் அவர், ஐந்து வால்வுள்ள ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று அறிவித்தார். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி ஏற்படக் காரணமாக இருந்து, அதன் முதல் பிரின்ஸிபாலாகவும் இருந்தார். பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டு தேவையில்லை, கையால் செய்து படித்தால் மிகக் குறைந்த காலத்தில் முடித்துவிடலாம் என்று வாதாடினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிவிட்டார். கல்லூரி இன்றும் வேறு பெயரில் நன்றாக நடக்கிறது. அவருடைய வாதம் மட்டும் அந்த நாளோடு நின்றுவிட்டது.

அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. பாலம் கட்டுகிறவரும் மின்சார நிலையம் நடத்துகிறவரும் கணக்கைச் சாவகாசமாகக் கற்றுக்கொள்வதுதான் நமக்கெல்லாம் க்ஷேமம். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. கழற்றிப் பார்க்காதவன் ஒரு பொருளை எப்படித் தெரிந்துகொள்வான்?

*

வால்வு ரேடியோவைக் கழற்றுவதில் ஓர் ஆபத்து இருந்தது. அதற்குள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும். கை பட்டால் உயிருக்கே ஆபத்து. 1947-ல் அமெரிக்காவில் டிரான்ஸிஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். அது வந்த பிறகு டார்ச் பாட்டரியில் ரேடியோ பாடிற்று. பிள்ளைகள் பயமில்லாமல் தொடலாம். சென்னையில் மவுண்ட் ரோடுக்குப் பக்கத்திலுள்ள ரிச்சி தெரு மின்னணுச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. மதுரை, திண்டுக்கல் போன்ற ஊர்களில் ரேடியோ ரிப்பேர்க் கடைகள் முளைத்தன. கடை வாசலில் நின்று ஈயம் உருகும் புகையை மோந்தபடியே வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அப்புறம் பெட்டி மறுபடியும் மூடிக்கொண்டது. 1971-ல் இன்டெல் கம்பெனி விரல் நகத்தளவுச் சில்லில் 2,300 டிரான்ஸிஸ்டர்களை அடக்கி ஒரு கம்ப்யூட்டரின் மூளையையே விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய சில்லுகளில் டிரான்ஸிஸ்டர்களைக் கோடிக் கணக்கில் எண்ண வேண்டும். அதைக் கழற்றிப் பார்ப்பதாவது! கெட்டுப் போனால் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்கு என்கிற யுகம் பிறந்தது. ரிப்பேர்க் கடைகள் ஒவ்வொன்றாகச் செல்போன் கடைகளாக மாறின.

நடுவிலே ஒரு சந்தர்ப்பம் வந்தது. இங்கிலாந்தில் 1981-ல் பி.பி.சி. ஸ்தாபனத்தின் கல்வித் திட்டத்துக்காக ஏகார்ன் என்ற கேம்பிரிட்ஜ் கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் செய்தது. பிள்ளைகள் அதற்கு நேரே கட்டளை எழுதலாம். பின்புறத்தில் கம்பி செருகி வேறு கருவிகளை இணைக்கலாம். 1984-ல் இந்திய சர்க்கார் 'கிளாஸ்' என்ற திட்டத்தின்கீழ் அந்தக் கம்ப்யூட்டர்களையே முதலில் 250 பள்ளிகளில் கொண்டுவந்து வைத்தது. சண்டிகரை அடுத்த மொஹாலியில் இருந்த சர்க்கார் செமிகண்டக்டர் தொழிற்சாலை அதே கம்ப்யூட்டரை உரிமம் பெற்று 'யூனிகார்ன்' என்ற பெயரில் செய்யத் தொடங்கிற்று. அதே தொழிற்சாலைதான் நம் நாட்டுக்குச் சொந்தமாகச் சில்லுகள் செய்யவும் ஏற்பட்டது. 1989 பிப்ரவரியில் அங்கே தீ விபத்து நேர்ந்தது. சில்லு செய்யும் கூடம் எரிந்து போயிற்று. திரும்பக் கட்டி எழுப்பப் பல ஆண்டுகள் ஆயின. உலகம் அதற்குள் வெகு தூரம் போய்விட்டது.

1927-ல் பணம், 1939-ல் யுத்தம், 1989-ல் தீ. கதவு திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது.

*

கேம்பிரிட்ஜிலும் ஒரு கதவு மூடத்தான் செய்தது. அங்கே அதை ஒருவர் கவனித்தார் என்பதுதான் வித்தியாசம். ஈபென் அப்டன் என்பவர் அங்குள்ள சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் படிப்புக்கு மாணவர்களைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்தார். வருகிறவர்களின் தொகையும் குறைந்தது; தரமும் குறைந்தது. முன்பெல்லாம் வீட்டிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழகிய பிள்ளைகள் வந்தார்கள். இப்போது அதை உபயோகிக்க மட்டுமே தெரிந்த பிள்ளைகள் வந்தார்கள். காரணத்தை யோசித்தார். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் விலையுயர்ந்த குடும்பச் சொத்து ஆகிவிட்டது. "தொடாதே, கெட்டுப் போகும்!" என்று தகப்பனார் அதட்டுகிறார். ஆகவே, கெட்டாலும் யாரும் அழ வேண்டாத விலையில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

2006-லிருந்து மாதிரிகள் செய்து பார்த்து, 2012 பிப்ரவரி 29-ந் தேதி அவரும் நண்பர்களும் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் 'ராஸ்பெரி பை'. ராஸ்பெரி ஒரு பழத்தின் பெயர். பை என்றால் நம் மஞ்சள் பை அல்ல. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பெயரிலிருந்து வந்தது. விலை 35 டாலர். முதலில் 10,000 பலகைகள்தான் தயாரித்தார்கள். விற்பனை ஆரம்பித்த அன்று காலையிலேயே வாங்க வந்த கூட்டம் தாங்காமல் கடைக்காரர்களின் கம்ப்யூட்டர்கள் திணறிவிட்டன. 2024-க்குள் 6 கோடிக்கு மேல் விற்றுவிட்டன. பழைய பி.பி.சி. கம்ப்யூட்டரின் நினைவாக இதன் ரகங்களுக்கும் 'ஏ', 'பி' என்றே பெயர் வைத்தார்கள். இதன் மூளையான 'ஆர்ம்' என்ற அமைப்பும், 1985-ல் அதே ஏகார்ன் கம்பெனியில் ஸோபி வில்ஸன் என்ற பெண்மணியும் ஸ்டீவ் பர்பர் என்பவரும் உருவாக்கியதுதான். ஒரு தலைமுறையின் பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அடுத்த தலைமுறையில் பேரன் எடுத்துவிட்டது என்று சொல்லலாம்.

பலகையின் ஓரத்தில் வரிசையாக ஊசிகள் நிற்கும். முதலில் 26, 2014-க்குப் பிறகு 40. அதில்தான் விளையாட்டு. ஓர் ஊசியில் 3.3 வோல்ட் மின்சாரம் வரச்சொல்லிக் கட்டளை எழுதினால் வரும்; நிறுத்தச் சொன்னால் நிற்கும். ஒரு சின்ன விளக்கையும் ஒரு ரெஸிஸ்டரையும் கோத்துவிட்டால் பையன் எழுதிய நாலு வரிக்குக் கட்டுப்பட்டு விளக்கு மின்னும். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரையில் கம்ப்யூட்டர் என்பது அவனுக்குக் காட்டுகிற பொருள். அன்று முதல் அவன் சொன்னதைக் கேட்கிற பொருள்.

*

திண்டுக்கல் சமவெளிக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று ஒட்டன்சத்திரத்து மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி.

ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலை. நடுவில் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கும் வறண்ட பூமி. இங்கே தண்ணீர் என்பது கிணற்றில் மோட்டார் ஓடும் நேரக்கணக்கு. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் நடுராத்திரி எழுந்து தோட்டத்துக்கு ஓடிய காலம் உண்டு. செல்போனிலிருந்து மோட்டாரைப் போடும் கருவி வந்தபோது, நகரத்துக்காரர்களுக்கு அது வேடிக்கை, கிராமத்துக்காரருக்குத் தூக்கம்.

இப்போது ஒரு பள்ளிக்கூடப் பையன், மண் காய்ந்தால் மோட்டார் தானே ஓட வேண்டும், நனைந்தால் நிற்க வேண்டும் என்று பலகையை வைத்து ஒரு கருவி செய்யப் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் இரண்டு கம்பிகளைக் குத்துகிறான். முதல் சங்கடம்: இந்தப் பலகையின் ஊசிகளுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டு பதில்தான் தெரியும். 'கொஞ்சம் ஈரம்' என்பது அதற்கு விளங்காது. ஆகவே ஈரத்தை எண்ணாக மாற்றிச் சொல்ல நடுவில் வேறொரு சில்லு வேண்டும். இரண்டாவது சங்கடம்: ஈர மண்ணில் மின்சாரம் ஓடுவதால் கம்பி சில வாரங்களில் அரித்துப் போகிறது. ஆகவே மின்சாரத்தை எப்போதும் ஓடவிடாமல், அளக்கும்போது மட்டும் விட வேண்டும். அல்லது உலோகம் மண்ணைத் தொடாத வேறு வகைக் கருவியைப் போட வேண்டும். மூன்றாவது: திடீரென்று மின்சாரம் நின்றால் பலகையின் நினைவு அட்டையில் எழுதியிருப்பது கெட்டுப் போகும். பாட்டரித் துணை வேண்டும். நான்காவது: மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் 400 வோல்ட் இருக்கிறது. பலகைக்கும் அதற்கும் நேர்ச் சம்பந்தம் கூடாது. ரிலே வைத்துப் பிரிக்க வேண்டும். அந்த இணைப்பைத் தெரிந்த எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

இந்த நான்கு சங்கடங்களையும் அவன் பட்டுத் தெரிந்துகொண்டால், ரசாயனம், பௌதிகம், விவசாயம், ஜாக்கிரதை ஆகிய நான்கு பாடங்களையும் படித்துவிட்டான் என்று அர்த்தம். கருவி வேலை செய்தால் லாபம். செய்யாவிட்டாலும் நஷ்டமில்லை. கடையில் விற்கும் கருவி இதைவிட நன்றாகவே உழைக்கும். ஆனால் அந்தக் கடைக் கருவி கெட்டுப்போகும்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவன் அந்த ஊரில் இருப்பான். அதுதான் லாபத்தில் பெரிய லாபம்.

வெறும் ஆசை வார்த்தை என்று எண்ண வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து கரூர்ப் பக்கம் போனால் பள்ளப்பட்டி என்ற ஊர் வருகிறது. அந்த ஊர்ப் பிள்ளையான ரிபாத் ஷாரூக் தம் பதினெட்டாவது வயதில், நண்பர்களுடன் சேர்ந்து, 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்ற சென்னை ஸ்தாபனத்தின் ஆதரவில் ஒரு சின்னஞ்சிறு செயற்கைக்கோளைச் செய்தார். எடை 64 கிராம். அதற்குள் ஒரு கம்ப்யூட்டரும் எட்டு உணர்கருவிகளும். பெயர் கலாம்சாட். 2017 ஜூன் 22-ந் தேதி அமெரிக்காவின் நாசா ராக்கெட் அதை மேலே கொண்டு சென்றது. அது பூமியைச் சுற்றவில்லை. உயரப் போய்த் திரும்பிக் கடலில் விழும் ராக்கெட் அது. பத்திரிகைகளின் ஆரவாரத்தில் இந்த விவரம் கொஞ்சம் மங்கிவிட்டது. ஆனால் அதற்காகப் பெருமை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே குழுவினரின் அடுத்த கலாம்சாட் 2019 ஜனவரி 24-ந் தேதி நம் நாட்டு ராக்கெட்டிலேயே ஏறி, பூமியைச் சுற்றவும் செய்தது.

*

சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. 2016-லிருந்து நிதி ஆயோக், அடல் டிங்கரிங் லேப் என்ற பெயரில் பள்ளிகளில் கைவேலைக் கூடங்கள் ஏற்படுத்தி வருகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரையில் மானியம். 10,000 பள்ளிகளில் கூடங்கள் ஏற்பட்டுவிட்டன. சென்னை ஐ.ஐ.டி.யில் காமகோடியின் தலைமையில் 'சக்தி' என்ற பெயரில் சில்லின் வரைபடத்தையே யாவரும் பார்க்கும்படி திறந்து வைத்து ஒரு கம்ப்யூட்டர் மூளையை உருவாக்கினார்கள். 2018-ல் முதல் சில்லை அமெரிக்காவிலுள்ள இன்டெல் தொழிற்சாலையிலும், அடுத்ததை மொஹாலியிலும் செய்து பார்த்தார்கள். ஆம், தீயில் எரிந்த அதே தொழிற்சாலைதான். இது சிறிய விஷயமல்ல. ஏனெனில் ராஸ்பெரி பை பலகையிலுங்கூட ஒரு பூட்டு இருக்கிறது. அதன் நடுவிலிருக்கும் சில்லு பிராட்காம் என்ற கம்பெனியின் சரக்கு. அதன் உள்விவரம் முழுவதையும் அவர்கள் வெளியிடவில்லை. அந்தக் கடைசிப் பூட்டுக்கும் சாவி செய்கிற முயற்சிதான் சக்தி.

ஆனால் பணமும் சட்டமும் யுத்தமும் தீயும் செய்யாத ஒரு காரியத்தை இன்னொன்று செய்துவிட முடியும். அதன் பெயர் இருப்புப் பதிவேடு. நம் பள்ளிக்கூடங்களில் ஆய்வுக்கூடச் சாமான் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. உடைந்தால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். சில சமயம் சொந்தப் பணத்தையே கட்ட வேண்டும். அந்த ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளக்காரர், குடும்பஸ்தர். அவர் என்ன செய்வார்? தணிக்கைக்கு வருகிறவர் எண்ணிப் பார்க்கும்போது எல்லாம் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்று அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவார். அந்தப் பூட்டு திண்டுக்கல் பூட்டாக இருந்தால் கேட்க வேண்டியதே இல்லை; பிள்ளைகள் படித்து முடித்துப் போகும் வரையில் பலகை பத்திரமாக இருக்கும்.

இதற்கு மருந்து மிகவும் எளிது. ஆண்டுக்கு இத்தனை பலகை, இத்தனை உணர்கருவி உடையலாம் என்று கணக்கிலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். விதை நெல்லில் முளைக்காமல் போகிற பங்கை எந்தக் குடியானவரும் திருட்டு என்று சொல்வதில்லை. ஒன்றுமே உடையாத கைவேலைக் கூடத்தைத்தான் தணிக்கைக்காரர் சந்தேகப்பட வேண்டும்.

2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரை வைக்க முடியாது. நல்லதுதான். ஆனால் அலிகாரிலிருந்து வரும் மலிவான யந்திரப் பூட்டுக்கு முன்னால் கையால் பூட்டுச் செய்கிற குடும்பங்கள் வருஷா வருஷம் குறைந்து வருகின்றன. பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வருவதில்லை. பெயரைச் சட்டம் காப்பாற்றும். கைவித்தையை, அதைக் கற்றுக்கொள்கிற இன்னொரு கைதான் காப்பாற்ற வேண்டும்.

அந்தக் கைகள் வேறு எங்கேயும் போய்விடவில்லை. திண்டுக்கல்லிலும் சின்னாளபட்டியிலும் நிலக்கோட்டையிலும் வேடசந்தூரிலும் பள்ளிக்கூட பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பலகையும், நாலு கம்பியும், கெட்டுப் போனால் பரவாயில்லை என்ற ஒரு வார்த்தையும் கொடுத்துப் பார்க்கலாம். மணிப் பூட்டுக்குள் மணியை வைக்க வேண்டும் என்று அந்தப் பழைய தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவரிடத்தில் பூட்டு இருந்தது, அரம் இருந்தது, வேண்டாம் என்று தடுப்பவர் இல்லை.